என்டர் தட்டும் வரை

மத்தியானம் மூன்று மணிக்கு டீ வந்தது. நான் கேட்கவில்லை.

கேட்டு வாங்குகிற காலம் போய் வெகுநாளாயிற்று. முன்னுணரி என்று ஒன்று வீட்டுச் சுவரில் இருக்கிறது, தெருவில் இருக்கிறது, எல்லார் காதுக்குள்ளும் ஒரு பயறு அளவுக்கு இருக்கிறது. எனக்குத் தாகம் எடுக்கும் என்று எனக்கே தெரிவதற்கு முன்னால் அதற்குத் தெரியும். முதுகு பிடிக்கப் போகிறதா, தெரியும். எதிர்வீட்டுக்காரனிடம் சண்டைக்குப் போகப் போகிறேனா, அதுவும் தெரியும். நான் வாசலுக்குப் போவதற்குள் அவன் வீட்டுக் கதவு பூட்டியிருக்கும். தூத்துக்குடியில் தெருச்சண்டை ஒழிந்தது இப்படித்தான். ஊர் திருந்திவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. எதிலுமே எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. நாலாம் வகுப்போடு நின்றவன் நான். துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிப் பிழைத்தவன். இறுக்கிய கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் நகர்ந்ததில்லை.

தானாக ஓடுகிற தள்ளுவண்டி இரண்டு தம்ளர் கொண்டுவந்து நிறுத்தியது. ஒன்று எனக்கு, ஒன்று பிரகாசிக்கு. பிரகாசி என் மனைவி. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையால் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். அவள் கழுத்திலிருந்து குரல் வந்தது.

“டீ ரொம்ப நல்லா இருக்குங்க. நீங்களும் சூடு ஆறதுக்குள்ள குடிங்க.”

குரல் அவளுடையதுதான். உதடு அசையவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, நாக்கும் விழுந்தது. புத்தி அப்படியே இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஒரே வாரத்தில் கழுத்தில் வெள்ளைக் கயிறு மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அதற்குத் துணைவாய் என்று பெயர். முன்னுணரியில் அவளைப் பற்றிக் கிடக்கிற எல்லாவற்றையும் வைத்து, இப்போது இவள் என்ன சொல்ல நினைப்பாள் என்று கணித்து, அவள் குரலிலேயே சொல்லிவிடும். சட்டப்படி துணைவாய் சொன்னால் அவள் சொன்ன மாதிரி. அதைக் கழற்றினால் குற்றம். ஒருவர் வாயைப் பொத்திய குற்றம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நல்ல ஏற்பாடு என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. பிரகாசி ஒருநாளும் என்னிடம் இப்படிக் குழைந்து பேசியதில்லை. டீ ஆறிப்போனால் “ஒமக்கு வேற சோலி இல்லியா, ஓய்? எடுத்துக் குடியும்” என்பாள். இந்தக் கயிறு நாலு வருஷமாக ஒரு தடவைகூட என்னை ஓய் என்று கூப்பிடவில்லை.

அன்றைக்கு மகள் ஷாரன் ஓசூரிலிருந்து வந்திருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சம்மதப் பதிவகம் பிரகாசியிடம் ஒரு கேள்வி கேட்கும். அதற்கு ஆமாம் என்று பதில் வந்தால், மறுநாளே அவளை ஓசூருக்குக் கொண்டுபோய்த் துணைவாயைத் தொண்டைக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுவார்கள். அதன் பெயர் உள்வாய். அதற்குப் பிறகு உதடும் பேச்சுக்கு ஏற்ற மாதிரி அசையும், முகம் சிரிக்கும், கோபப்படும். திரும்ப எடுக்க முடியாது. பார்க்கிறவனுக்கு எது பிரகாசி, எது பொறி என்று தெரியாது. அதைத்தான் பெரிய சாதனை என்று ஷாரன் சொன்னாள். எனக்குப் பயம் கொடுத்ததும் அதுதான்.

“உங்க கவலை எனக்குப் புரியுதுப்பா,” என்றாள். “ஆனா அம்மாவோட வாழ்க்கைத் தரத்தையும் நாம யோசிக்கணும், இல்லையா?”

“இது நீ பேசுதியா, ஒன் காதுக்குள்ள கெடக்குற பயறு பேசுதா?”

“ரெண்டும் ஒண்ணுதான்ப்பா.”

கோபப்படவில்லை. அவள் வயதுக்காரர்கள் யாரும் கோபப்படுவதில்லை. வாக்கியம் தயாராக வருகிறது, எடுத்து வைக்கிறார்கள்.

நான் பிரகாசி பக்கம் திரும்பினேன். “நீ என்ன சொல்லுத?”

“எனக்கு முழுச் சம்மதம்ங்க,” என்றது கழுத்து. “ஷாரன் எனக்கு நல்லதுதான் செய்வா.”

பிரகாசி ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுடைய இடது கை நாற்காலியின் கைப்பிடிமேல் தட்டிக்கொண்டிருந்தது. தாளம் போடுகிற தட்டல் மாதிரி தெரியவில்லை. ஒரு சமயம் சுண்டுவிரல், ஒரு சமயம் நடுவிரல், மறுபடி சுண்டுவிரல். குடித்துக்கொண்டிருந்த தம்ளரை நான் கீழே வைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் பில் அடித்துக்கொண்டிருந்தவள். விசைப்பலகையைக் குனிந்து பார்க்காமல் அடிப்பாள். இந்தக் காலத்தில் விசைப்பலகையைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு.

என்னிடம் அது இருந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் வேலையை விடுகிற வருஷம், யார்டில் யாரும் கேட்டு வராத ஒரு கன்டெய்னர் துருப்பிடித்துக் கிடந்தது. உடைத்தபோது உள்ளே முழுக்கப் பழைய பர்சனல் கம்ப்யூட்டர்கள். எந்த நாட்டுக் குப்பையோ. ஒவ்வொன்றும் என்னைவிட மூத்தது. சாணிக் காகிதம் மாதிரிப் பழுத்த பிளாஸ்டிக் பெட்டிகள், மண்டை பெரிதான கண்ணாடித் திரைகள், பல்வரிசை மாதிரி விசைப்பலகைகள். செம்பு எடுக்கலாம் என்றுதான் கழிவு விலைக்குக் கன்டெய்னரோடு வாங்கினோம், நானும் மொகுதூம் காக்காவும். காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். துறைமுகத்தில் மின்சாரப் பிரிவில் இருந்தவர். உப்பளத்து ஓரம் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, அங்கே கொண்டுபோய் இறக்கினோம்.

செம்பு எடுப்பதற்கு முன்னால் ஒன்றைப் போட்டுத்தான் பார்ப்போமே என்றார் காக்கா. அந்த ‘போட்டுப் பார்ப்போம்’ ஆறு மாசம் எடுத்தது. கடிகார பேட்டரி கசிந்து பலகையை அரித்திருந்தது. வீங்கிய மின்தேக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினார். உப்புக்காற்றில் பச்சை பிடித்த செருகு முனைகளைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்ப்பது என் வேலை. தேய்த்தால் தங்கம் மாதிரி மின்னும். நெகிழ்தட்டுகளில், ஃபிளாப்பி என்பார்கள், பூஞ்சணம். பஞ்சில் நனைத்துத் துடைத்தோம். பழுத்த பெட்டிக்கு மருந்து பூசி வெயிலில் காயவைத்தோம். தூத்துக்குடி வெயில் ஒரே பகலில் வெளுத்துக் கொடுத்தது.

ஒருநாள் அது எழுந்தது. முதலில் காற்றாடி சுற்றியது. பிறகு தன்னிடம் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று ஒன்று இரண்டாக எண்ணிப் பார்த்தது. தட்டு கரக் கரக் என்று முனகியது. ஒரு பீப் சத்தம். திரையில் கையை வைத்தேன், கைமுடியெல்லாம் குத்திட்டு நின்றது. கறுப்புக்குள் பச்சை எழுத்து வந்தது.

“என்ன காக்கா சொல்லுது?”

“இன்னிக்கு என்ன தேதின்னு கேக்குது.”

நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. பொறி ஒன்று என்னிடம் கேள்வி கேட்கிறது. அதற்கு இன்றைக்கு என்ன நாள் என்று தெரியாது. நான் யார் என்றும் தெரியாது. கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறது. ஒரு சின்னப் பச்சைக் கோடு மட்டும் மினுக் மினுக் என்று, நான் பதில் சொல்லும் வரைக்கும் அங்கேயே நிற்கிறது. நான் சோறு தின்றுவிட்டு வந்தாலும் நிற்கும். நான் செத்துப்போனாலும் நிற்கும். என் பெயரை அடித்து என்டரைத் தட்டினேன். இங்கிலீஷில் ஏதோ வந்தது. “நீர் சொல்லுறது எனக்குத் தெரியலன்னு சொல்லுது,” என்றார் காக்கா. முப்பது வருஷமாக எந்தப் பொறியும் என்னிடம் தெரியவில்லை என்று சொன்னதில்லை. கோயிலில் திரை விலக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அன்றிலிருந்து செம்பு பற்றிப் பேச்சே இல்லை. பதினொரு பெட்டி சேர்த்திருக்கிறோம், மூன்று ஓடும். வியாழக்கிழமைதோறும் கொஞ்சம் பேர் வருவார்கள். வங்கியில் பெரிய பதவியில் இருக்கிற ஒரு அம்மாள் வருவாள், தன் பெயரை அடிப்பாள், தெரியவில்லை என்று வந்ததும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான், அதற்காகத்தான் வருவாள். கன்டெய்னர் முழுக்க இரும்பு. கதவைச் சாத்திவிட்டால் முன்னுணரியின் அலை உள்ளே வராது. காதிலுள்ள பயறு செத்துவிடும். வெளியே கணீரென்று பேசுகிறவர்கள் உள்ளே வந்தால் திக்குவார்கள். எங்களிடம் ஒரே ஒரு கட்டுப்பாடு. ஒருவர் பொறிமுன் உட்கார்ந்துவிட்டால், அவர் என்டர் தட்டும் வரைக்கும் சுற்றியிருக்கிற யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவர் என்ன அடிக்கப் போகிறார் என்று தெரிந்தாலும் சொல்லக் கூடாது. காக்கா போட்ட சட்டம். மீறினால் ஒரு மாசத்துக்கு உள்ளே வர விடமாட்டார். நான் நாலு தடவை வெளியே இருந்திருக்கிறேன்.

“அம்மாவ கன்டெய்னருக்குக் கூட்டிட்டுப் போறேன்,” என்றேன் ஷாரனிடம்.

“அந்த இரும்புப் பெட்டிக்குள்ளயா? அங்க துணைவாய் வேலை செய்யாதே.”

“அதுக்குத்தான்.”

“அப்பா, அது அம்மாவோட வாய். வாயில்லாம அம்மா எவ்வளவு தவிப்பாங்க, யோசிச்சீங்களா? நீங்களும் எழுத்து அட்டை வச்சு முயற்சி பண்ணீங்க. என்ன ஆச்சு?”

அது உண்மை. அட்டையில் எழுத்துகளை எழுதிக் காட்டினேன். அவள் ஒரு எழுத்தைத் தொட்டதும் “தண்ணியா?” என்பேன், “கக்கூஸா?” என்பேன். ரெண்டாம் நாளே அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பென்சில் பிடிக்கக் கை நிற்கவில்லை.

“அவ கையப் பாரு,” என்றேன்.

ஷாரன் பார்த்தாள். விரல்கள் தட்டிக்கொண்டேயிருந்தன.

“நரம்புத் துடிப்புப்பா.”

“பயறு சொல்லுதா?”

ஷாரன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். “எனக்கு வெளியே போக விருப்பமில்லைங்க, களைப்பா இருக்கு,” என்றது கழுத்து. பிரகாசி அதற்குள் இடது காலால் நாற்காலியை வாசல் பக்கம் உந்திவிட்டிருந்தாள்.

முன்னுணரி ஓட்டுகிற வண்டி உப்பளத்து விளிம்பு வரைதான் வந்தது. அதற்கு அப்பால் யாரும் போக விரும்புவார்கள் என்று அதற்குத் தோன்றவில்லை. மிச்சத் தூரம் நாங்கள் தள்ளிக்கொண்டு போனோம். இரண்டு பக்கமும் உப்பு வெள்ளையாக எரிந்தது. சக்கரம் மண்ணில் புதைந்தபோதெல்லாம் ஷாரன் குனிந்து தூக்கினாள். நல்ல செருப்பு போட்டிருந்தாள், பாழாய்ப் போனது.

மொகுதூம் காக்கா பனியனோடு வெளியே நின்றார். “வாங்கோ தங்கச்சி,” என்றார் பிரகாசியிடம். அவள் சார்பில் கழுத்து பதில் சொல்வதற்கு முன்னால் நாற்காலியை உள்ளே உருட்டிக் கதவைச் சாத்தினார்.

“உங்களைப் பார்த்ததில் மிகவும்...” என்று ஆரம்பித்த துணைவாய் பாதியில் நின்றது.

என்ன அமைதி அது! நாலு வருஷத்தில் முதல் தடவையாக நான் என் மனைவியோடு ஒரே அறையில் இருந்தேன். கழுத்துக் கயிற்றின் சின்ன வெளிச்சம் அணைந்திருந்தது. ஷாரன் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“அப்பா... எனக்கு... ஒரு மாதிரி... என்ன... என்ன சொல்ல...”

“பழகிரும் மக்கா. அந்த பெயிண்ட் டப்பாவக் கவுத்துப் போட்டு உக்காரு,” என்றார் காக்கா. பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து விரலை ஆட்டினார். “சட்டம் தெரியுமில்லா? என்டர் தட்டுற வரைக்கும் மூச்சுவிடப்படாது. தொம்மை, உமக்குத்தான் சொல்லுதேன்.”

இருப்பதிலேயே பழைய பெட்டியைப் போட்டார். காற்றாடி சுற்றியது. நினைவகத்தை எண்ணியது. கரக் கரக். பீப். பச்சை எழுத்துகள் பிரகாசியின் கண்ணாடியில் தெரிந்தன. இன்றைக்கு என்ன தேதி என்று பொறி கேட்டது.

நான் வாய்வரை வந்த தேதியை விழுங்கினேன்.

பிரகாசி விசைப்பலகையைப் பார்க்கவேயில்லை. இடது கை அதன்மேல் போய், எதையோ தேடுகிற மாதிரி ஒரு தடவை தடவியது. நடுவில் ஒரு விசையில் சின்ன மேடு இருக்கும், அது தட்டுப்பட்டதும் விரல்கள் தானாகப் பரவி உட்கார்ந்தன. தட், தட். நிறுத்தினாள். தட். மாதம், நாள், வருஷம். எல்லாம் சரி. சுவரில் நாள்காட்டி கிடையாது. யாரும் அவளிடம் நாலு வருஷமாகத் தேதி கேட்டதும் கிடையாது. உள்ளுக்குள்ளேயே ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஷாரன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

என்டர். பொறி தேதியை வாங்கிக்கொண்டது. கீழே பச்சைக் கோடு மினுக்கியது. இனி என்ன வேண்டுமானாலும் அடிக்கலாம்.

அவள் அடிக்க ஆரம்பித்தாள். எங்கள் தலைமுறைக்காரர்கள் சின்ன வயதில் போனில் அடிப்போமே, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், அப்படி. முதல் எழுத்து வந்தது. இரண்டாவது வந்தது. ‘வே’. எனக்குத் தெரியுமே! நாலு வருஷமாக இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“வேண்டாம்!” என்று கத்திவிட்டேன். “பாத்தியாட்டி ஷாரன், வேண்டாம்னுதான்...”

காக்கா என் முதுகில் ஒரு அறை வைத்தார். பிரகாசி அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறந்தே போயிருந்தேன். ஆபீசில் பில் அடிக்கும்போது யாராவது மேஜைமேல் கையை ஊன்றினால் பார்ப்பாளாம், அந்தப் பார்வை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன்.

அவள் திரும்பி மிச்சத்தை அடித்தாள்.

‘வேர்க்குது’.

என்டர். தெரியவில்லை என்று பொறி சொன்னது.

பொறிக்குத் தெரியாதுதான். எங்களுக்குத் தெரிந்தது. காக்கா குதித்து எழுந்து மேஜைக் காற்றாடியை அவள் பக்கம் திருப்பினார். ஷாரன் தன் துப்பட்டாவால் அவள் கழுத்தைத் துடைத்தாள், அந்தக் கயிற்றுக்கு அடியிலும் விட்டுத் துடைத்தாள். அங்கே சிவந்து தடித்திருந்தது. “எப்பத்துலேர்ந்து இப்பிடி இருக்கும்மா?” என்றாள். ஓசூர்ப் பேச்சு போய்விட்டது. சின்னப் பிள்ளையில் மீன் வாங்க என்னோடு கடற்கரைக்கு வந்த ஷாரன் பேசினாள்.

பிரகாசிக்கு வேறு அவசரம், மறுபடி அடிக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு விரல் தவறினால் அழித்துவிட்டுத் திரும்ப அடித்தாள். ஒவ்வொரு எழுத்தும் வந்து நிற்க ஒரு யுகம் ஆனது. அந்தப் பச்சைக் கோடு அவளுக்கு முன்னால் ஒரு அடி எடுத்து வைக்காமல், பின்னால் இருந்து தள்ளாமல், அவள் விரல் எங்கே விட்டதோ அங்கேயே நின்று மினுக்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷன் செய்ய முடியாத காரியத்தை அது செய்துகொண்டிருந்தது.

‘டீ பிடிக்கல. காப்பி.’

என்டர். தெரியவில்லை.

‘நாலு வருசமா டீ.’

என்டர். தெரியவில்லை.

காக்காவால் அடக்க முடியவில்லை. என்டர் தட்டியாகிவிட்டது என்பதால் சட்டப்படிச் சிரித்தார். “யா அல்லாஹ், தொம்மை! நாலு வருசமா டீ ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னதா சொன்னீரே!”

“நானா சொன்னேன்? அந்தக் கயிறுல்லா சொல்லிச்சு.” துண்டை எடுத்துவிட்டுக் கத்தினேன். “டீ நல்லா இருக்குன்னு சொன்ன வாயிதான் சம்மதம்னும் சொல்லுது. கேட்டுக்க ஷாரன். இப்பக் கேளு. ஒன் வாயாலயே கேளு.”

ஷாரன் டப்பாவை இழுத்துப் போட்டு அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். எந்த வாக்கியமும் வந்து விழவில்லை. என் மகள் தானாக ஒரு கேள்வியைக் கட்டுவதை நான் பார்த்தேன். கனமான பெட்டியை ஒண்டியாகத் தூக்குகிறவள் மாதிரி இருந்தாள்.

“அம்மா... அந்த... தொண்டைக்குள்ள வைக்கிறாங்கள்ல... அது வச்சா நீ... நீ பேசுறாப்ல இருக்கும். எனக்கு ஒன் சத்தம் கேக்கணும்மா. அதுக்குத்தான்... அதுக்குத்தான் நான்... ஆனா ஒனக்கு... ஒனக்கு வேணுமாம்மா?”

பிரகாசி அவளையே வெகுநேரம் பார்த்தாள். கை விசைகளின்மேல் அசையாமல் கிடந்தது. வெளியே எங்கோ உப்பு லாரியின் ஹாரன் கேட்டது. மணி ஐந்தை நெருங்கியிருக்கும். ஐந்து மணிக்குப் பதிவகம் கேட்கும்போது துணைவாய் அலைக்குள் இருந்தால் சம்மதம் என்று சொல்லிவிடும், முடிந்தது. இங்கே இருந்தால் கேள்வி இரும்பில் மோதிப் பதில் இல்லாமல் திரும்பிப் போகும்.

விரல் இறங்கியது. முதல் எழுத்து வந்தது, அது ‘வ’ இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அடுத்து என்ன வரும் என்று யோசிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். என் மனசுக்குள்ளும் ஒரு பயறு இருக்கிறது, அதற்குக் கன்டெய்னர் கதவெல்லாம் கணக்கில்லை. அது முந்தி முந்தி ஓடியது. அவள் ஒவ்வொரு எழுத்தாக வந்துகொண்டிருந்தாள்.

‘தெரியல’.

இவ்வளவுதான் திரையில் இருந்தது.

வேண்டாம் என்று அவள் சொல்வாள் என்று நான் நினைத்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு மகளோடு மல்லுக்கு நிற்கத் தயாராக இருந்தேன். சம்மதம் என்று சொல்வாள் என்று மகள் நினைத்திருந்தாள். கயிறும் அதைத்தான் சொல்லியிருக்கும். தெரியல என்பதை எங்களில் யாரும் நினைக்கவில்லை. இந்த ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாமல் இருந்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது! கேள்வி வருவதற்குள் பதில் வந்து நிற்கிறது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, நம்முடையதுதான் என்று நம்பிவிடுகிறோம். இவள் ஒருத்தி, நாக்கும் பாதி உடம்பும் போனவள், நாலு வருஷம் அவளுக்காக ஓயாமல் பேசிய வாயைத் தாண்டி வந்து, தெரியல என்று அடிக்கிறாள். அந்தப் பழைய பெட்டி சொல்கிற அதே சொல். காக்கா தலையிலிருந்து தொப்பியை எடுத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

அவள் அதோடு நிறுத்தவில்லை. ஒரு இடம் விட்டு மறுபடி அடித்தாள்.

‘யோசிக்கணும்’.

அதற்குப் பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

என்டர் தட்டவில்லை.

ஷாரன் மணி பார்க்க மணிக்கட்டைத் திருப்பினாள். அங்கே ஒன்றும் ஓடவில்லை. என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். காக்கா உதட்டில் விரலை வைத்துத் திரையைக் காட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தலையை அம்மாவின் மடிமேல் சாய்த்தாள். நான் துண்டை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டேன்.

பிரகாசி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு மூன்று பேர். அவளுடைய இடது பக்க உதடு மெல்ல மேலே ஏறியது. பாதிச் சிரிப்பு. அவளுக்கு இருப்பதே அந்தப் பாதிதான். நாலு வருஷமாக நான் அவள் முகத்தைக் கவனித்ததேயில்லை, கழுத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காற்றாடி அவள் பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ‘யோசிக்கணும்’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் பச்சைக் கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது.